செயலி காட்டிய சிவப்பு எழுத்தும் அன்றிரவு வந்த வீக்கமும்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பாடசாலை வலைப்பந்து அணியில் விளையாடுகிறாள். வயதுக்கு மீறிய உயரம். மூன்று கிழமைக்கு முன் பயிற்சியில் எழும்பிப் பந்தைப் பிடித்துக் கால் ஊன்றியபோது வலது முழங்கால் திரும்பிவிட்டது. ஒருவரும் மோதவில்லை. அன்றிரவு வீங்கியது, அம்மம்மா எண்ணெய் போட்டுக் கட்டினா. ஐந்தாறு நாளில் வற்றிவிட்டது. இப்போது நடக்கிறாள், ஆனால் படி இறங்க நோகுது என்கிறாள். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி ஒரு செயலியை அனுப்பி, அவள் கதிரையிலிருந்து குதிப்பதை வீடியோ எடுக்கச் சொன்னான். சின்னவன் போனில் எடுத்தான். வலது முழங்கால் 21 பாகை உள்ளே சரிகிறது, இடது 9 பாகை என்று செயலி கோடு கீறிக் காட்டி, சிவப்பு எழுத்தில் ‘உயர் ஆபத்து’ என்று போட்டது. சவ்வு கிழியப்போகிறது என்று அர்த்தமா? இந்த வீடியோ இருந்தால் ஸ்கேன் தேவையில்லையா? அடுத்த மாதம் வலயமட்டப் போட்டி. ரீச்சர் இவளை நம்பித்தான் இருக்கிறா. காசு கட்டிக் கொழும்பில் அசைவை அளக்கும் கமராப் பரிசோதனை ஏதும் செய்விக்கலாமா?

— ஒரு தாய், மானிப்பாய் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில் செயலியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. வீக்கத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஒருவரும் மோதாமல், ஊன்றிய காலில் உடம்பு திரும்பி, அதே இரவே முழங்கால் வீங்கினால், மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். சாதாரண உளுக்கு வீக்கம் பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மெல்ல வரும். இரத்தம் கசிந்தால் சில மணித்தியாலத்துக்குள்ளேயே முழங்கால் உருண்டுவிடும். விளையாடுகிற பிள்ளைகளில் இதற்கு முதல் காரணம், வைத்தியர்கள் ஏ.சி.எல். என்று எழுதும் முன்சிலுவைச் சவ்வு கிழிவது. முழங்காற்சில்லு ஒருமுறை விலகித் தானாகத் திரும்பி வந்திருந்தாலும் இப்படி வீங்கும். மெனிஸ்கஸ் என்கிற குருத்தெலும்புத் தட்டு கிழிந்திருக்கலாம். பதினைந்து வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் இருக்கக்கூடும் என்பதால், சவ்வு கிழியாமல் அது பிடித்திருக்கிற எலும்புத் துண்டையே பிய்த்துக்கொண்டு வருவதும் உண்டு. அது எக்ஸ்ரேயிலேயே தெரியும்.

இவற்றில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் வீக்கம் வற்றியதையும் பிள்ளை நடப்பதையும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. ஏ.சி.எல். முழுதாக அறுந்தவர்களும் சில கிழமையில் சந்தைக்கு நேராக நடந்து போய் வருவார்கள். ஓடிக்கொண்டிருந்து சடாரென்று திரும்பும்போதுதான் முழங்கால் விட்டுப்போகும்.

ஆகவே மகளை இருத்தி ஆறுதலாகக் கேளுங்கள். கால் திரும்பியபோது உள்ளே ‘டக்’ என்று ஏதும் கேட்டதா? அதற்குப் பிறகு எப்போதாவது முழங்கால் தன்னைக் கைவிட்டதுபோல இருந்ததா? மடித்த கால் நீட்ட வராமல் இறுகி நின்றதா? மற்றக் காலைப் போல முழுதாக நீட்ட முடிகிறதா? இதற்கெல்லாம் ‘இல்லை’ என்று சொன்னாலும் ஒரு வைத்தியர் கையால் பார்க்கத்தான் வேண்டும். உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் என்பியல் சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்குக்குப் போங்கள். அவர் முழங்காலை இருபது, முப்பது பாகை மடித்துப் பிடித்து, கீழ்க்கால் எலும்பை முன்னுக்கு இழுத்துப் பார்ப்பார். லக்மன் சோதனை என்பது அதுதான். இரண்டு காலையும் அப்படி இழுத்து ஒப்பிட்டால், பழகிய கைக்கு ஒரு நிமிடத்தில் நிறையத் தெரிந்துவிடும். எக்ஸ்ரே வேண்டுமா, எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு அவர் சொல்லுவார்.

உங்கள் முதற் கேள்விகளில் ஒன்றுக்கு இதிலேயே விடை இருக்கிறது. வீடியோ உடம்பு எப்படி அசைகிறது என்பதைக் காட்டும். உள்ளே எது கிழிந்தது, எது முழுதாக இருக்கிறது என்று எந்தச் செயலியும் சொல்லாது. அந்த வீடியோ ஸ்கேனுக்கும் வைத்தியர் கைக்கும் மாற்றாக வராது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நோகிற முழங்காலோடு பிள்ளையைக் கதிரையிலிருந்து குதிக்க வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆராய்ச்சிகளில் இந்தக் குதிப்புச் சோதனையைச் சுகமான பிள்ளைகளில், 30 சென்ரிமீற்றர் அளவு உயரப் பெட்டியிலிருந்துதான் செய்கிறார்கள். வீட்டுக் கதிரை கிட்டத்தட்ட 45 சென்ரிமீற்றர் வரும். வைத்தியர் பார்க்கும்வரை குதிப்பு, சடுதியான திரும்பல், ஓட்டப்பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். நோகாவிட்டால் நடக்கலாம், சைக்கிளும் மெதுவாக ஓடலாம்.

இனி அந்த 21 பாகைக்கு வருவோம். தம்பியை நான் குறை சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிற மாமன்மார் தங்களுக்குத் தெரிந்த வழியில்தான் உதவுவார்கள். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதைப் பார்த்துப் பயப்படமாட்டீர்கள்.

செயலி செய்தது இதுதான்: படத்தில் இடுப்பு எங்கே, முழங்கால் எங்கே, கணுக்கால் எங்கே என்று ஊகித்து மூன்று புள்ளி வைத்து, அவற்றைக் கோட்டால் இணைத்துக் கோணத்தை அளந்திருக்கிறது. மகள் பாவாடையோடு குதித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இடுப்புப் புள்ளி வெறும் ஊகம். சின்னவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து எடுத்திருக்கிறான். மடிந்த முழங்காலைச் சரிவாக நின்று எடுத்தால், நேராக இருக்கிற காலும் உள்ளே சரிந்ததுபோலத் தெரியும். இது தட்டையான படத்தின் குணம். நேர் முன்னால் நின்று ஒழுங்காக எடுத்தாலும் அந்த 21 பாகை முழுவதும் முழங்கால் மூட்டு வளைந்த அளவு ஆகாது. தொடை எலும்பு இடுப்பில் உள்நோக்கித் திரும்புவது, தொடை உள்ளே சரிவது, பாதம் தட்டையாவது எல்லாம் சேர்ந்துதான் படத்தில் ‘முழங்கால் உள்ளே விழுந்தது’ என்ற தோற்றம் வருகிறது.

நேரக் கணக்கும் இருக்கிறது. சாதாரண வீடியோவில் செக்கனுக்கு 30 படம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 33 மில்லிசெக்கன். 45 சென்ரிமீற்றரிலிருந்து விழும் உடம்பு நிலத்தைத் தொடும்போது செக்கனுக்கு ஏறக்குறைய 3 மீற்றர் வேகத்தில் வரும். அப்படியென்றால் இரண்டு படத்துக்கு இடையில் உடம்பு 10 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறது! உண்மையான போட்டிகளில் ஏ.சி.எல். கிழிந்த 10 சம்பவங்களை, பல கமராக்களில் பதிவான பெண்கள் கைப்பந்து (ஹாண்ட்போல்), கூடைப்பந்து ஆட்டங்களிலிருந்து எடுத்து, படத்துக்குப் படம் எலும்புக்கூட்டு மாதிரியைப் பொருத்திப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2010இல் வந்தது. பாதம் நிலத்தைத் தொட்டு ஏறக்குறைய 40 மில்லிசெக்கனுக்குள் சவ்வு கிழிந்திருக்கும் என்பது அவர்களின் முடிவு. 30 படம் எடுக்கும் கமராவில் அந்த நேரம் முழுவதும் ஒன்றிரண்டு படத்துக்குள் அடங்கிவிடும்.

வலதுக்கும் இடதுக்கும் இடையில் வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்விதான். பார்க்கிற கோணம் சரியில்லை என்பதையே விட்டுவிடுவோம். மூட்டுக்குள் நீரோ இரத்தமோ சேர்ந்தால் தொடையின் முன்பக்கத் தசை தானாக அடங்கிப்போகும். பிள்ளை முயன்றாலும் அது முழுப் பலத்தோடு வேலை செய்யாது. நோவுக்குப் பயந்தும் உடம்பு சாய்ந்து ஊன்றும். ஆக, வலது கால் உள்ளே சரிந்ததால் காயம் வந்ததா, காயம் வந்ததால் சரிகிறதா என்று இந்த வீடியோவை வைத்துச் சொல்ல வழியில்லை. காயத்துக்கு முந்திய வீடியோ ஒன்று கையில் இருந்தால் அது வேறு கதை.

‘உயர் ஆபத்து’ என்ற சிவப்பு எழுத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் 205 விளையாட்டு வீராங்கனைகளைப் பெட்டியிலிருந்து குதிக்கவைத்து அளந்தார்கள். பிறகு அவர்களில் 9 பேருக்கு ஏ.சி.எல். கிழிந்தது. அந்த ஒன்பது பேரின் முழங்கால் மற்றவர்களைவிட அதிகம் உள்ளே சரிந்திருந்தது. உலகம் முழுவதும் இது பரவியது. இன்றைக்குப் பல செயலிகளின் சிவப்பும் பச்சையும் அந்த எண்ணத்தில் பிறந்தவைதான். ஆனால் பின்னர் நோர்வேயில் 700க்கு மேற்பட்ட உயர்மட்ட உதைபந்தாட்ட, கைப்பந்து வீராங்கனைகளை அதேபோல அளந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவு: யாருக்குக் கிழியும், யாருக்குக் கிழியாது என்று இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முழங்கால் உள்ளே சரிகிற எத்தனையோ பிள்ளைகள் ஒரு காயமும் இல்லாமல் விளையாடி முடிக்கிறார்கள். வடிவாகக் கால் ஊன்றுகிற பிள்ளைக்கும் கிழிகிறது. தனிப் பிள்ளை ஒருத்திக்கு இதை வைத்துச் சாதகம் எழுத முடியாது.

அப்படியானால் வீடியோவால் பயனே இல்லையா? நான் கிளினிக்கில் வாரம் தவறாமல் பயன்படுத்துகிறேன். பிள்ளையை ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடுவதற்கு அல்ல, அவளை அவளோடேயே ஒப்பிடுவதற்கு. இன்றைய வலது காலும் ஆறு கிழமைக்குப் பிறகு வரும் அதே வலது காலும். பயிற்சி தொடங்கும்போதும், களைத்துப் போய் முடிக்கும்போதும். களைப்பில் எடுத்த வீடியோதான் எப்போதும் சுவாரசியம். தன் கால் எப்படி ஊன்றுகிறது என்று பிள்ளை தானே மெதுவோட்டத்தில் பார்க்கும்போது, நான் பத்துத் தரம் சொல்லியும் ஏறாதது ஒரே தரத்தில் ஏறிவிடுகிறது.

வைத்தியர் அனுமதித்த பிறகு எடுப்பதானால் இப்படி எடுங்கள். போனைக் கையில் பிடிக்க வேண்டாம். முக்காலி இல்லாவிட்டால் ஒரு ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கி முழங்கால் உயரத்தில் வையுங்கள். மூன்று மீற்றருக்குக் குறையாத தூரம், பிள்ளைக்கு நேர் எதிரே. நிலத்தில் சோக்கால் கோடு கீறி, ஒவ்வொரு தரமும் அதே கோட்டில், அதே சப்பாத்தோடு. வெளிச்சம் நல்லாய் இருக்கிற காலை நேரம் நல்லது. மங்கல் வெளிச்சத்தில் வேகமான அசைவு புகைபோலக் கலங்கிவிடும். போனில் மெதுவோட்டப் பதிவு இருந்தால் செக்கனுக்கு 120 அல்லது 240 படத்தில் வையுங்கள். முழங்காலுக்கு மேலே நிற்கும் இறுக்கமான காற்சட்டை வேண்டும். இடுப்பெலும்பின் முன்முனை இரண்டிலும், முழங்காற்சில்லின் நடுவிலும், கணுக்காலின் நடுவிலும் ஒட்டுப் பொட்டு ஒட்டிவிடுங்கள். இடுப்பில் காற்சட்டைக்கு மேலே ஒட்டினாலும் போதும். எங்கள் ஊரில் ஐம்பது ரூபாய் மட்டையில் கிடைக்கிற பெரிய பொட்டு, இந்த வேலைக்கு நான் கண்ட எந்த இறக்குமதிச் சாமானுக்கும் குறைந்ததல்ல.

எடுக்க வேண்டியது குதிப்பு அல்ல. முதலில் ஒற்றைக்காலில் மெதுவாக அரைவாசி குந்தி எழும்புவது. பிறகு ஒரு படியிலிருந்து ஒற்றைக்காலால் இறங்குவது. ஒவ்வொரு காலிலும் ஐந்து தரம். ஒரே தரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மனிதர் ஒரே மாதிரி இரண்டு தரம் அசைவதில்லை. கணினி இருந்தால் கினோவியா என்ற இலவச மென்பொருளில் போட்டு நீங்களே கோணம் அளக்கலாம். அளந்த பிறகு இரண்டு, மூன்று பாகை ஏறியிறங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் இரண்டு ஐபோன்களை வைத்து முப்பரிமாணத்தில் அளக்கும் ஓப்பன்கப் என்ற முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அதிலேயே சராசரிப் பிழை 4, 5 பாகை வருகிறது. ஒற்றைப் போனில் எடுத்ததற்கு அதைவிடக் கூடிய துல்லியம் எங்கிருந்து வரும்?

கொழும்புக் கமராப் பரிசோதனைக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். அந்தக் காசு எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் உதவும்.

ஒரு வீடியோ மட்டும் இந்தக் கட்டத்திலேயே பெறுமதியானது. மூன்று கிழமைக்கு முன் நடந்த அந்தப் பயிற்சியை யாராவது போனில் எடுத்தார்களா என்று விசாரியுங்கள். மைதானத்துக்கு வருகிற தாய் தகப்பனில் பாதிப்பேர் எடுத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். காயம் நடந்த கணம் அதில் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்தக் கால் முதலில் ஊன்றியது, முழங்கால் எவ்வளவு மடிந்திருந்தது, உடம்பு எந்தப் பக்கம் சரிந்தது, சில்லு வெளியே போனதுபோலத் தெரிகிறதா என்பதெல்லாம் அவருக்கு உதவும். பிள்ளைக்கு அந்த நேரத்து நினைவு பெரும்பாலும் தெளிவாக இருக்காது.

வீடியோ யார் கைக்குப் போகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. வளர்ந்த பிள்ளை குட்டைக் காற்சட்டையோடு நிற்கும் படம் அது. இடுப்புக்குக் கீழே எடுத்தால் போதும், முகம் தேவையே இல்லை. அணியின் வட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். செயலியில் ஏற்றும் படம் எந்த நாட்டுக் கணினியில் போய்க் குந்துகிறது என்று உங்களுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. அளந்து முடித்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் மகளின் விருப்பத்தைக் கேளுங்கள். உங்கள் நீண்ட கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஓரிடத்திலும் இல்லை.

ரீச்சருக்கு என்ன சொல்வது? உயரமான பிள்ளை ஒன்று கிடைத்தால் ரீச்சர்மாருக்கு ஆசை வருவது இயல்பு. ஈவினையிலிருந்து இலங்கை வலைப்பந்து அணிக்குப் போன உயரமான வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்த பிறகு யாழ்ப்பாணத்தில் எந்த வலைப்பந்து ரீச்சருக்குத்தான் வராது! ஆனால் கெதியாக உயர்ந்த பிள்ளைக்கு எலும்பு முந்திவிடும், தசையும் கட்டுப்பாடும் பின்னால்தான் வரும். வலைப்பந்தில் பந்தைப் பிடித்து ஊன்றிய காலைத் தூக்கினால் மறுபடி நிலத்தில் வைக்க முதல் பந்தை விட்டுவிட வேண்டும். ஓடி வந்த வேகம் முழுவதையும் ஒரே இடத்தில் நிறுத்த வேண்டிய விளையாட்டு அது; அந்தப் பாரம் முழங்காலில்தான் இறங்குகிறது. எங்கள் பாடசாலைகள் பலவற்றில் சீமெந்துத் தரை வேறு.

அதனால் ரீச்சர் அணி முழுவதுக்கும் ஒன்று செய்யலாம். பீபா உருவாக்கிய ‘11 பிளஸ்’ என்ற சூடாக்கும் பயிற்சி இருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிடம். நோர்வேயில் 13 முதல் 17 வயதுவரையான உதைபந்தாட்டப் பெண்பிள்ளைகளிடம் இதைச் சோதித்தபோது காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வலைப்பந்துக்கென்றே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துச் சங்கங்கள் இதே பாணியில் பயிற்சித் திட்டங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. செயலி யாருக்குச் சிவப்புக் காட்டியது, யாருக்குப் பச்சை என்று பார்க்கத் தேவையில்லை. எல்லாப் பிள்ளைகளும் கிழமைக்கு இரண்டு, மூன்று நாள் செய்தால்தான் பலன்.

வலயமட்டப் போட்டியை வைத்தியர் பார்க்க முதல் பேசவே வேண்டாம். சவ்வெல்லாம் நல்லாய் இருந்து, சில்லைச் சுற்றிய நோ மட்டும் என்றால், தொடைக்கும் இடுப்புக்கும் பலமூட்டும் பயிற்சியோடு ஆறு தொடக்கம் பன்னிரண்டு கிழமையில் நல்ல மாற்றம் தெரியும். அடுத்த மாதம் என்பது அப்போதும் அவசரம்தான். ஏ.சி.எல். கிழிந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தால் ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்துக்கு விடமாட்டோம். இரண்டிலும் திரும்ப விடும் நாளை நாட்காட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை: வீக்கமும் நோவும் இல்லாமை, முழு அசைவு, காயப்பட்ட காலின் பலமும் ஒற்றைக்கால் தாவும் தூரமும் மற்றக் காலின் 90 வீதத்தையாவது எட்டுவது. வீடியோ அந்தக் கட்டத்தில் நன்றாகக் கைகொடுக்கும், அப்போது எடுத்து அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.

அம்மம்மாவின் எண்ணெய்க் கட்டால் கெடுதல் வந்திருக்காது. ஆனால் இனி ஒருவரும் அந்த முழங்காலை இழுத்து, உருவி, நெரித்துப் பார்க்க விடவேண்டாம்.

கிளினிக்குத் திகதி வருவதற்கு இடையில் முழங்கால் மறுபடி வீங்கினாலோ, மடித்த கால் நீட்ட வராமல் இறுகினாலோ, நாலு அடி ஊன்றி நடக்க முடியாமல் போனாலோ, திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சலோடு நொந்தாலும், ஓய்வாகப் படுத்திருக்கும்போதே இரவில் நித்திரையைக் கெடுக்கிற நோ வந்தாலும் அப்படித்தான். முதல் நாள் வீக்கம் எத்தனை மணித்தியாலத்தில் வந்தது என்று மகளிடமும் அம்மம்மாவிடமும் கேட்டு ஒரு துண்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் அதைத்தான் முதலில் கேட்பார்.